புது ரசம், பழந்துருத்தி, நடுவில் ஒரு பாட்டில்

பட்ஜெட் வந்த மறுநாள் ஏதாவது ஒரு தலைவர் "இது புதிய மொந்தையில் பழைய கள்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். அதையே ஆங்கிலப் பத்திரிகை "ஓல்ட் ஒயின் இன் நியூ பாட்டில்" என்று போடும். பைபிள் வாசகம் அது என்று நம்புகிறவர்கள் ஏராளம். மேடையில் பேசும்போது "வேதத்தில் சொன்னதுபோல" என்று முன்னால் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். வேதத்தில் அப்படி எங்கும் இல்லை. அங்கே இருப்பது தலைகீழ்: புதுத் திராட்சரசத்தைப் பழைய தோல் பையில் (பழைய தமிழ் வேதாகமத்தில் அது துருத்தி) ஊற்றமாட்டார்கள், ஊற்றினால் பை கிழியும், ரசமும் சிந்தும். ரசம் புதிது, பைதான் பழையது. ஆங்கிலத்தில் "நியூ ஒயின் இன் ஓல்ட் பாட்டில்ஸ்".

மாற்றிச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பொருளே மாறிவிடுகிறது. மொந்தைக் கள் ஒரு கேலி: சரக்கு பழசு, ஏமாறாதே. பைபிளில் இருப்பது ஒரு எச்சரிக்கை: இரண்டும் நாசமாகும், செய்யாதே. ஏன் நாசமாகும் என்பதற்குப் பதில் பாதி ரசத்தில் இருக்கிறது, பாதி தோலில். தோல் பாதியைப் புரிந்துகொள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் இருக்க முடியாது. ஆனால் பழைய வடாற்காட்டு ஓய்வுநாள் பள்ளிகளில்கூட இந்த வசனத்தைக் கண்ணாடி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குவது நடக்கத்தான் செய்கிறது. பாட்டிலை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

வாசகம் மூன்று சுவிசேஷங்களில் வருகிறது: மத்தேயு 9:17, மாற்கு 2:22, லூக்கா 5:37. மூன்றிலும் சூழல் ஒன்றுதான். யோவானின் சீஷர்கள் உபவாசம் இருக்கிறார்கள், உம்முடைய சீஷர்கள் ஏன் இருப்பதில்லை என்ற கேள்வி. மணவாளன் கூட இருக்கும்போது கலியாண வீட்டார் துயரப்படுவார்களா என்பது முதல் பதில். அதன்பின் இரண்டு உவமைகள் ஜோடியாக வருகின்றன, ஒன்று துணி, ஒன்று தோல். ஆங்கில மரபுத்தொடராக நின்றது தோல் மட்டுமே. துணி பின்னால் தங்கிவிட்டது. ஆனால் தோலைப் புரிந்துகொள்ளச் சாவி துணியில்தான் இருக்கிறது.

"ஒருவனும் கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைக்கமாட்டான்" என்கிறது நம் பழைய தமிழ் வேதாகமம். இந்த இடத்தில் 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெறும் "புதுத் துணி" என்றுதான் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு, வண்ணான் கைபடாத, இன்னும் நனைத்துச் சுருக்காத துணி என்று பொருள். தமிழில் அதற்கு "கோடி" என்று ஒரே சொல் இருக்கிறது. கலியாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி, தண்ணீர் படாத துணி என்பதுதான் இரண்டிலும் விஷயம். மொழிபெயர்த்தவர் அந்தச் சொல்லைப் பிடித்தது பெரிய காரியம். பழைய வேட்டி எத்தனையோ வெளுப்பு பார்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. அதில் கோடித் துண்டை வைத்துத் தைத்து ஒரு முறை நனைத்தால் துண்டு மட்டும் சுருங்கும். சுற்றி இருக்கும் நைந்த துணியைத் தையலோடு பிடித்து இழுக்கும். ஓட்டை இருந்ததைவிடப் பெரிதாகும். ஆக இங்கே "புதிது" என்றால் இன்னும் மாறி முடிக்காதது, "பழையது" என்றால் மாறவேண்டிய அளவுக்கு மாறி முடித்துவிட்டது. அழகு, அசிங்கம், உயர்வு, தாழ்வு எதுவும் இதில் கிடையாது. இதே கணக்கைத் தோலுக்கும் போட்டால் உவமை தானே திறந்துகொள்கிறது.

அந்தக் காலத்து மேற்காசியாவில் ரசம் கொண்டுபோகும் பை ஆட்டுத்தோலில் செய்தது. ஆட்டின் வயிற்றைக் கீறித் தோலை உரித்தால் அது தட்டையான தோல், பைக்கு உதவாது. தலையையும் கால் நுனிகளையும் எடுத்துவிட்டு, கழுத்துப் பக்கமிருந்து சட்டையைக் கழற்றுவதுபோல் முழுசாக உருவி எடுப்பார்கள். கால் ஓட்டைகளையும் வால் ஓட்டையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் பை தயார், கழுத்துதான் வாய். நடுத்தர ஆட்டுத்தோல் 20, 30 லிட்டர் பிடிக்கும். பதனிட மரப்பட்டை போதும். 19ஆம் நூற்றாண்டில்கூடப் பாலஸ்தீனத்தின் ஹெப்ரோன் ஊரில் கருவாலி (ஓக்) மரப் பட்டையைப் போட்டுத் தண்ணீர்ப் பைகள் பதப்படுத்தினார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையை ஆவாரம்பட்டை செய்தது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் காட்டி, எண்ணெய் பூசி முடித்த அந்தத் தோல்தான் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது. பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது, அதன்பின் ஒரே நாளில் வேலையை முடிக்கும் குரோமியம். குரோமியம் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன சங்கதி. இங்கே நமக்கு வேண்டியது பட்டைத் தோல்.

பட்டைத் தோலின் குணம் செருப்பு தைக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஈரமாக இருக்கும்போது இழுத்தால் நீளும். இழுத்த நிலையிலேயே காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், பழைய அளவுக்குத் திரும்பாது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும் பாய். புதுத் தோலில் இழைகளுக்கு நடுவே ஈரமும் எண்ணெயும் இருக்கும். இழுக்கும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, இழுக்கும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும், அதுதான் நீட்சி. எல்லா இழையும் ஒரு முறை திரும்பிவிட்டால் அதற்குமேல் திரும்ப ஒன்றும் இல்லை. அதோடு வருஷம் போகப்போக எண்ணெய் வற்றி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் தோலை மறுபடி இழுத்தால் நீளாது, வெடிக்கும். எண்ணெய் காட்டினால் பழைய தோலுக்குக் கொஞ்சம் மென்மை திரும்பும். செலவழித்த நீட்சி திரும்பாது.

ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் கம்பெனிகளில் இதையேதான் தினமும் அளக்கிறார்கள். லாஸ்டோமீட்டர் என்று ஒரு கருவி. வட்டமாக வெட்டிய தோல் துண்டின் விளிம்பைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து, அதாவது சதை இருந்த பக்கமிருந்து, உருண்டை முனை கொண்ட ஒரு கம்பியை மெல்ல மேலே தள்ளும். தோல் கூடாரம்போல் எழும்பும். மேல்முகத்தில், தொழிலில் கிரெயின் என்று சொல்லும் மயிர் இருந்த பக்கத்தில், முதல் விரிசல் விழும்போது எத்தனை மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஷூ அப்பருக்குக் குறைந்தது 7 மி.மீ. வேண்டும். அதற்குக் குறைந்தால் கட்டையில் ஏற்றி இழுக்கும் லாஸ்டிங் வேலையின்போதே விரல் முனைப் பக்கம் வெடித்துவிடும், அந்த ஜோடியே ரிஜெக்ட். உள்ளேயிருந்து அழுத்தம், வெளிமுகத்தில் விரிசல், எவ்வளவு நீட்சி பாக்கி என்ற கேள்வி. மத்தேயு 9:17ஐ ஆய்வுக்கூடத்தில் வைத்துச் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

இனி ரசத்தின் பாதி. அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

இட்லி மாவைப் பாத்திரத்தின் கழுத்துவரை ஊற்றி மூடிவைத்தால் காலையில் அடுப்பு மேடையைத் துடைக்க வேண்டியிருக்கும். அதே வாயுதான். திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். எடையில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. 100 கிராம் கரியமில வாயு என்பது சாதாரண வெப்பத்தில் 50 லிட்டருக்கு மேல். ஒரு லிட்டர் சாறு 50 லிட்டர் வாயுவைக் கக்குகிறது என்றால், அதைக் கட்டி வைக்கப் புதுத் தோலாலும் முடியாது.

இந்த இடத்தில் பல விளக்கவுரைகள் சறுக்குகின்றன. ஆலையில் பிழிந்த சாற்றை அப்படியே புதுப் பையில் ஊற்றிக் கட்டிவிட்டால் பை பத்திரமாக இருக்கும் என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். இருக்காது. முதல் சில நாள் பொங்கும் வேகம் தொட்டியிலோ மண்ஜாடியிலோ வாய் திறந்தபடிதான் அடங்க வேண்டும். பைக்கு வருவது அந்த வேகம் அடங்கிய, ஆனால் முழுசாக ஓயாத ரசம். அதிலிருந்து மிச்சம் மீதி வாயு மெதுவாக வந்துகொண்டே இருக்கும். புதுப் பை அதற்குத் தக்கபடி கொஞ்சம் உப்பிக் கொடுக்கும். பழைய பை போன வருஷமே உப்பி முடித்தது. புதுப் பைக்கும் எல்லை உண்டு என்பதைப் பழைய ஏற்பாடே சொல்கிறது: யோபு 32:19இல் எலிகூ, தன் உள்ளம் அடைபட்ட ரசம்போல இருக்கிறது, புதுத் துருத்தியையும் பீறிவிடும் என்கிறான். பேச வாய்ப்புக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த இளைஞனின் வார்த்தை அது. இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

கிழிந்த பழைய பை எப்படி இருக்கும் என்று பார்க்க யோசுவா 9ஆம் அதிகாரம். தூர தேசத்திலிருந்து வருவதாக நடிக்கும் கிபியோனியர், பூசணம் பிடித்த அப்பத்தோடு, கிழிந்து கட்டுப்போட்ட ரசப் பைகளையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் இவற்றை நிரப்பியபோது புதிதாக இருந்தன, இப்போது பாருங்கள் என்கிறார்கள். தோல் கிழிசலை வைத்துப் பயண தூரத்தைக் கணக்குப்போடும் அளவுக்கு எல்லாருக்கும் தோல் தெரிந்த காலம். சங்கீதம் 119:83இல் "புகையிலுள்ள துருத்தியைப்போலானேன்" என்று வருகிறது. அடுப்புப் புகையில் தொங்கிக் காய்ந்து கறுத்துச் சுருங்கிய தோல். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் என்ன காரணத்தாலோ புகையைப் பனியாக்கிவிட்டார்கள், லத்தீனும் அவர்கள் பின்னால் போயிற்று. தோல்காரரைக் கேட்டால் புகைக்குத்தான் ஓட்டுப் போடுவார்.

சரி, இதற்குள் பாட்டில் எப்படி நுழைந்தது?

கிரேக்க மூலத்தில் சொல் "அஸ்கோஸ்". தோற்பை, வேறு பொருள் தேட வேண்டாம். லத்தீனில் "ஊட்ரெஸ்", அதுவும் தோற்பைதான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு லத்தீனிலிருந்து செய்தது, அதில் "பாட்டில்" வந்துவிட்டது. 1526இல் டிண்டேல் "வெசல்ஸ்", அதாவது பாத்திரங்கள், என்று பொதுவாகப் போட்டார். 1560இன் ஜெனீவா பைபிளும் அதையே வைத்துக்கொண்டது. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் பெயரால் வந்த மொழிபெயர்ப்பு மறுபடி "பாட்டில்ஸ்" என்றது. மரபுத்தொடராக ஊரெங்கும் பரவியது இந்தக் கடைசி வடிவம்.

இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அன்றைய இங்கிலாந்தில் பாட்டில் என்றாலே கண்ணாடி என்று யாரும் நினைக்கவில்லை. வயலுக்குப் போகிறவர் இடுப்பில் கட்டிக்கொண்டு போனது தோல் பாட்டில். "லெதர் பாட்டில்" என்ற பெயரில் மதுக்கடைகள் அங்கே இன்றும் இருக்கின்றன. ஆகவே 1611இல் அந்தச் சொல் சரியாகத்தான் இருந்தது, பிறகு உலகம் மாறியது. மாற்றத்தில் அதே ஜேம்ஸ் மன்னருக்கே பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. கப்பல் கட்ட மரம் போதவில்லை என்று 1615இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடைசெய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின, சூடு கூடியது, தடித்த கறுத்த உறுதியான கண்ணாடி பாட்டில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒயின் என்றால் கண்ணாடி என்று ஆகிவிட்டது. தன் பெயரால் வந்த பைபிளின் ஒரு வசனத்தைப் புரியாமல் செய்யத் தானே ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்!

கண்ணாடிக்குப் பழசு, புதுசு என்ற பேதமே கிடையாது. கீறலில்லாத நூறு வயதுப் பாட்டிலும் நேற்று வந்த பாட்டிலும் அழுத்தத்துக்கு ஒன்றுதான். ஷாம்பெயின் செய்கிறவர்கள் பாட்டிலுக்குள்ளேயே லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையைப் போட்டு இரண்டாம் முறை புளிக்கவிட்டு, 6 வளிமண்டல அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறார்கள். ஆகக் கண்ணாடியை நினைத்துக்கொண்டு "பழைய பாட்டிலில் புது ஒயின்" என்று சொன்னால் அதில் ஆபத்து ஒன்றும் தெரியாது. ஆபத்து தெரியாததால்தான் ஆங்கிலத்திலேயே பொருள் வழுக்கியது. லேபிள் மாற்றும் வேலை என்று ஆயிற்று, பிறகு தலைகீழாகவும் திரும்பிற்று. 1881இன் திருத்தப்பட்ட ஆங்கிலப் பதிப்பு "ஒயின் ஸ்கின்ஸ்" என்று தோலைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் மரபுத்தொடர் உறைந்துவிட்டது.

அந்த 1881 பதிப்பு இன்னொரு நுணுக்கத்தையும் காட்டியது. கிரேக்கத்தில் ரசத்துக்கு வரும் "புது" வேறு, பைக்கு வரும் "புது" வேறு. முதலாவது "நெயோஸ்", வயதில் இளையது. இரண்டாவது "கைனோஸ்", இன்னும் பயன்படுத்தாதது. ரசம் இளசாக இருக்கிறது, பை புழங்காமல் இருக்கிறது. 1611 இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டது, 1881 பைக்கு மட்டும் "ஃப்ரெஷ்" என்று பிரித்தது. நம் பழைய மொழிபெயர்ப்பிலும் இரண்டும் "புது"தான். கோடி என்ற சொல் கையில் இருந்தவர்களுக்குத் தோலுக்கும் ஒரு கோடி கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

தமிழில் "துருத்தி" என்று போட்டது எனக்குப் பிடித்த முடிவு, ஆனால் இன்று அதற்கும் பாட்டிலுக்கு நேர்ந்த கதிதான். துருத்தி என்றால் இன்று கொல்லன் உலைத் துருத்தி மட்டுமே நினைவுக்கு வரும். உலைத் துருத்தியில் போய் யார் திராட்சரசத்தை ஊற்றுவார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது: கொல்லன் துருத்தியும் ஆட்டுத்தோல் பைதான், உள்ளே காற்று, அவ்வளவே வித்தியாசம். உப்பிப் பிதுங்குவதைத் "துருத்திக்கொண்டு நிற்கிறது" என்று இன்றும் சொல்கிறோம். வாயு ஏறி உப்பும் பைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் வீடுகளில் "மஷக்" என்று சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும், அதைத் தோளில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர் பிஸ்தி. மாடு கட்டிக் கவலை இறைத்த ஊர்களில், கிணற்றுத் தண்ணீரை மொள்ளும் சாலின் அடியில் தொங்கும் தோல் வாலைச் சொல்லலாம், எண்ணெய் காட்டாமல் விட்டால் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு நேரடியாகத் "தோற்பை" என்கிறது. ஓசை போனது, விளக்கம் மிச்சம்.

ஹாகார் பாலைவனத்துக்குக் கொண்டுபோன தண்ணீர், யாகேல் சிசெராவுக்குத் திறந்து கொடுத்த பால், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்ற 56ஆம் சங்கீதம், எல்லாம் தமிழில் துருத்திதான், 1611 ஆங்கிலத்தில் எல்லாம் பாட்டில். எரேமியா 19இல் உடைத்துக் காட்டச் சொன்ன மண்பாண்டத்துக்கும் அந்த ஆங்கிலம் பாட்டில் என்றே எழுதிற்று. தமிழ் அங்கே "கலசம்" என்று பிரித்துக்கொண்டது. தோல் எது, மண் எது என்று தமிழ் வாசகருக்குச் சொல்லிலேயே தெரிகிறது, ஆங்கில வாசகருக்குப் பாட்டில் என்ற சொல்லை மட்டும் வைத்துத் தெரியாது. ஆங்கிலத்தைப் பார்த்து மட்டும் பிரசங்கம் தயாரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

தமிழ் தோற்கும் இடம் "திராட்சரசம்". ரசம் என்றதும் பிழிந்த சாறு என்றுதான் காதில் விழுகிறது. வெறும் சாறு என்றால் அது ஏன் பையைக் கிழிக்க வேண்டும்? மதுவிலக்கு உணர்வு மிகுந்த சபைகளில் இது புளிக்காத சாறுதான் என்று அடித்துச் சொல்வார்கள். சொல்லட்டும், ஆனால் அந்த நிமிஷமே இந்த உவமை செத்துவிடும். புளிப்பு இல்லாமல் வாயு இல்லை, வாயு இல்லாமல் கிழிசல் இல்லை. பொது மொழிபெயர்ப்பு "மது" என்று சொல்லிவிட்டது, இந்த ஒரு வசனத்துக்காவது அதுவே உதவுகிறது.

இப்போது மொந்தைக்கு வரலாம். கள்ளுக்கும் மொந்தைக்கும் இடையில் இந்தச் சண்டை கிடையாது. பனையில் கட்டும் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீர், தடவாவிட்டால் கள். இறக்கிய கள் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் பொங்கும், ஆனால் மொந்தை வாய் திறந்த மண்பாண்டம், வாயு தன் வழியே போய்விடும். மொந்தை பழசானால் என்ன, புதுசானால் என்ன? கள் ஒரு நாளைக்குமேல் நின்றால் புளித்துக் கெட்டுப்போகும், ஒயின்போல நாள்பட நாள்பட உயர்வதில்லை. அதனால் "புதிய மொந்தையில் பழைய கள்" என்பது ஆங்கிலத் தொடரை அப்படியே தமிழாக்கியதாகத் தோன்றினாலும், தமிழில் அதன் கேலி இன்னும் கூர்மை. ஆங்கிலக்காரருக்குப் பழைய ஒயின் என்றால் விலை கூடியது. நமக்குப் பழைய கள் என்றால் குடிக்க முடியாதது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்தபின் மொந்தையைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள், சொல் மட்டும் தலையங்கங்களில் பிழைத்துக் கிடக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேதத்தில் சொன்னது என்று மட்டும் சேர்க்காதீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது எதை எங்கே போடுவது என்ற குழப்பமும் இத்தோடு தீரும். பழைய திட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்தால் "ஓல்ட் ஒயின் இன் நியூ பாட்டில்ஸ்". இது வெறும் புழக்கத் தொடர். புது முறை ஒன்றைப் பழைய அமைப்புக்குள் திணிக்கப் பார்த்து, முறையும் வீணாகி அமைப்பும் கெட்டால் "நியூ ஒயின் இன் ஓல்ட் பாட்டில்ஸ்". கணினிப் பதிவு கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொரு பதிவையும் பேரேட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்கும் அலுவலகம் இதற்கு நல்ல உதாரணம்: கணினியும் உதவாது, பேரேடும் ஒழுங்காக இருக்காது. இரண்டும் கெட வேண்டும் என்பது முக்கியம். ஒன்றுதான் கெடுகிறது என்றால் இந்தத் தொடர் பொருந்தாது. மத்தேயுவில் கடைசி வார்த்தை "இரண்டும் பத்திரப்பட்டிருக்கும்" என்பது. பழைய பையைத் தூக்கி எறி என்று அங்கே சொல்லவில்லை. அது கிழியக்கூடாது என்ற அக்கறையும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. புதுமையே உயர்வு என்று இந்த வசனத்தை வைத்து முழங்குகிறவர்கள் இந்த வார்த்தைக்கு முன்பே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

லூக்கா மட்டும் இன்னொரு வாக்கியத்தைக் கூட்டுகிறார், 5:39. பழைய ரசத்தைக் குடித்தவன் உடனே புதியதை விரும்ப மாட்டான், பழையதே நல்லது என்பான். புதுமைக்காரர்களுக்கு இது தொண்டையில் முள். பெசா என்ற பழைய கிரேக்க-லத்தீன் கையெழுத்துப் பிரதியில் இந்த வசனமே இல்லை. "நல்லது" என்று ஒரு வகைப் பிரதிகளிலும் "அதிலும் நல்லது" என்று வேறு வகையிலும் இருக்கிறது. 1611 இரண்டாவதை எடுத்துக்கொண்டது, 1881 முதலாவதை. பழக்கம் விடாது என்று கிண்டலாகச் சொன்னதா, பழையதன் ருசியை ஒப்புக்கொண்டதா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குக் கிண்டலாகத்தான் படுகிறது. உபவாசத்தைப் பற்றிக் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

ஓய்வுநாள் பள்ளியில் இதைக் காட்ட விரும்புகிறவர்களுக்கு: ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டு ஒன்று, வெயிலில் கிடந்து காய்ந்த பழைய தோல் செருப்பின் வார் ஒன்று. மேல்முகம் வெளியே தெரியும்படி இரண்டையும் ஒரு பென்சிலைச் சுற்றி வளையுங்கள். புதியது சும்மா வளையும், பழையதில் கோடு கோடாக வெடிப்பு விழும். ரெக்சின் வார் கலந்துவிடாமல் பாருங்கள், அதில் மேல்பூச்சு உரியுமே தவிர தோல் வெடிப்பு தெரியாது. வாயுவுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி வெதுவெதுப்பான தண்ணீர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட். குலுக்கிவிட்டு வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். வேலூர் வெயிலில் அரை மணி, முக்கால் மணியில் பலூன் நிமிரும். நிமிரவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர் அதிகச் சூடாகி ஈஸ்ட் செத்திருக்கும், விரல் வைத்தால் சுடாத அளவு போதும். முந்தின வாரமே ஒரு முறை ஊதிவிட்ட பலூன் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் தளர்ந்து தொங்குவது தெரியும். ரப்பரும் ஒரு முறை நீட்டினால் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்புவதில்லை. ஆர்வத்தில் யாராவது பலூனைக் கழற்றிவிட்டுப் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகப் பார்ப்பார்கள். அதை மட்டும் விடாதீர்கள்.